கட்டிக்கு நல்ல பாக்டீரியா: எதை எடுப்பது, எதை விடுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒருவருக்குப் புற்றுநோய்க் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தால் போதும், ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் சொந்தக்காரர், ஒருவர் கோயில் கமிட்டிக்காரர், இன்னொருவர் டைரக்ட் செல்லிங் ஏஜெண்ட். சில வீடுகளில் மூன்று பேரும் ஒரே ஆள்தான். முன்பெல்லாம் அவர் பையில் காளான் மாத்திரையும் நோனிச் சாறும் இருக்கும், இப்போது புரோபயாட்டிக் பாக்கெட். "நல்ல பாக்டீரியா உள்ள போனா கட்டியத் தின்னுடும் அண்ணி, அமெரிக்காவுலயே கண்டுபிடிச்சிட்டாங்க" என்பார். அதற்கு ஏற்றாற்போல வீட்டுப் பையனும் கைப்பேசியில் தேடி, பாக்டீரியாவை வைத்துக் கட்டியை அழிக்கும் விஞ்ஞானிகளைப் பற்றிய செய்தி ஒன்றை எடுத்து நீட்டுவான். செய்தி உண்மைதான். ஆனால் அந்தச் செய்திக்கும் அந்தப் பாக்கெட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பாக்டீரியா சிகிச்சை என்ற ஒரே பெயரில் இன்று பல சரக்குகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, ஆஸ்பத்திரியில் பல வருஷமாக நடக்கும் நிஜமான வைத்தியம். இன்னொன்று ஆய்வுக்கூடத்தில் மாற்றி அமைத்த பாக்டீரியா, அது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. மூன்றாவது, குடலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்களைச் சரிப்படுத்தி வேறொரு மருந்துக்கு உதவியாக வைப்பது. கடைசியாக, ஏஜெண்ட் விற்பது. எது வேலை செய்கிறது, எதற்குப் பணம் கட்டலாம் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலாவது உங்கள் நோய்க்குப் பொருந்தினால் தயங்காமல் எடுங்கள், இரண்டாவதை யாராவது விலைக்குத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள், மூன்றாவதற்குப் பணத்தைவிடச் சமையலறைதான் அதிகம் வேண்டும், நான்காவதை விட்டுவிடுங்கள். இதில் எதுவாக இருந்தாலும், அறுவை சிகிச்சைக்கோ கீமோவுக்கோ ரேடியேஷனுக்கோ டாக்டர் கொடுத்த தேதியைத் தள்ளிப்போட அது காரணம் ஆகக்கூடாது. அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

பாக்டீரியாவுக்கும் கட்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு: திடக்கட்டி வேகமாக வளரும், ஆனால் அதற்கு வேண்டிய ரத்தக் குழாய்கள் ஒழுங்காக வளர்வதில்லை. அதனால் கட்டியின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, செத்த திசு நிறைய, கீமோ மருந்தும் சரியாகப் போய்ச் சேராது, உடம்பின் காவல் அணுக்களும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் வாழ்வேன் என்று அடம்பிடிக்கும் பாக்டீரியாக்களுக்கு அது சொகுசான இடம். நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் 1891இலேயே, கழுத்தில் சார்கோமா என்ற வகைப் புற்றுக் கட்டி இருந்த ஒருவருக்கு வேண்டுமென்றே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். கடும் காய்ச்சல் வந்தது, கட்டி கரைந்தது, அந்த மனிதர் அதன்பின் சுமார் 8 வருஷம் வாழ்ந்தார். பிறகு உயிருள்ள கிருமி ஆபத்து என்று கொன்ற கிருமிகளைக் கலந்து கொடுக்க ஆரம்பித்தார். சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை, யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ரேடியேஷன் வந்ததும் அவர் முறை ஓரம் கட்டப்பட்டது. ஆக யோசனை பழையது, கற்பனையும் அல்ல. எத்தனை பேருக்கு, எந்த அளவுக்கு என்பதுதான் அன்று முதல் இன்று வரை தீராத கேள்வி.

சரி, முதலாவது. நம் எல்லோருக்கும் இடது கையில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறதே, பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசி, அதே பிசிஜிதான். மாட்டுக் காசநோய்க் கிருமியை கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 13 வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்கச் செய்து, 1921இல் முதல்முதலாகக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். அந்தக் கிருமியையே சிறுநீர்ப்பைக்குள் விட்டால் அங்கிருக்கும் புற்று திரும்ப வருவது குறைகிறது என்று கனடாவில் ஆல்வரோ மொராலஸ் 1976இல் காட்டினார். 1990இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டி தசைக்குள் இறங்காமல் மேல் உறையோடு நிற்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில், திரும்பி வரும் ஆபத்து அதிகம் என்று டாக்டர் கருதினால், உலகம் முழுக்க இதைத்தான் கொடுக்கிறார்கள். தட்டையாகப் பரவி நிற்கும் ஒரு வகையில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் புற்று கண்ணில் படாத அளவுக்குப் போய்விடுகிறது. பாக்டீரியா கட்டியைத் தின்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது உள்ளே போய் ஒரு கலகம் பண்ணுகிறது, அதைப் பார்த்து ஓடிவரும் எதிர்ப்பு அணுக்கள் பக்கத்தில் இருக்கும் புற்று அணுக்களையும் சேர்த்துப் போட்டுத் தள்ளுகின்றன.

என் பெரியப்பா இதை எடுத்தார். தோட்டத்தில் வேலை செய்த காலம் முழுக்கப் புகை பிடித்தவர். சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் புகைதான் முதல் காரணம் என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது, நுரையீரல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டியைக் குழாய் வழியாகச் சுரண்டி எடுத்து, புண் ஆறச் சில வாரம் விட்டு, அப்புறம் வாரம் ஒருமுறை என்று ஆறு வாரம். காலையில் தண்ணீர் அதிகம் குடிக்கக்கூடாது, மெல்லிய குழாய் வழியாக மருந்தை உள்ளே விடுவார்கள், அதை இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். மல்லாந்து, குப்புற, இடப்பக்கம், வலப்பக்கம் என்று புரண்டு புரண்டு படுக்கச் சொன்னார்கள், மருந்து எல்லாப் பக்கமும் படுவதற்காக. பெரியம்மா கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டு "திரும்புங்க" என்பார், இவர் முனகிக்கொண்டே திரும்புவார். ஊசி போட்டால் வலிக்கும், இது என்ன படுக்க வைத்து ரொட்டி சானாய் மாதிரி புரட்டுகிறார்கள் என்று அவருக்கு ஒரே கோபம்.

வீட்டில் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வெளியே வருவது உயிருள்ள கிருமி கலந்த சிறுநீர். முதல் ஆறு மணி நேரம் ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும், தெறிக்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும் கழிவறையில் கிருமி கொல்லும் குளோராக்ஸ் ஊற்றி, 15 நிமிஷம் ஊறவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரே கழிவறையைப் பேரப்பிள்ளைகளும் பயன்படுத்தும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை, அன்றைக்கு மட்டும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எரிச்சல், அடிக்கடி போக வேண்டிய அவசரம், ஒரு நாள் இரண்டு நாள் சளிக்காய்ச்சல் மாதிரி உடம்பு வலி, இதெல்லாம் சகஜம். காய்ச்சல் 38.5க்கு மேல் ஏறினாலோ இறங்காமல் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கிருமி ரத்தத்தில் ஏறியிருக்கலாம், அதற்குக் காசநோய் மருந்துதான் கொடுப்பார்கள். சிறுநீரில் ரத்தம் தெரியும்போது, கிருமித் தொற்று இருக்கும்போது, குழாய் விடும்போது காயம் பட்டுவிட்டால் அன்றைக்கு மருந்து விடமாட்டார்கள், ஈப்போ வரை போய்த் திரும்பி வர வேண்டியதுதான். கசப்பான வைத்தியம். ஆனாலும் சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவதோடு வைத்துப் பார்த்தால் இதுதான் தேவலை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது, இது இந்த ஒரு நோய்க்கு, அதுவும் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும். கல்லீரலில் கட்டி, மார்பில் கட்டி என்று இருப்பவர்கள் "எனக்கும் பிசிஜி போடுங்கள்" என்று கேட்டால் டாக்டர் போடமாட்டார். அவர் மறுப்பது சரிதான்.

இரண்டாவது, பையன் கைப்பேசியில் காட்டிய அந்த மாற்றி அமைத்த பாக்டீரியா. படிக்கச் சுவாரசியமான பகுதி இதுதான், ஏமாற்றமான பகுதியும் இதுதான். செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்க விஷம் வைப்பதற்குப் பதிலாகக் கம்பம் நட்டுப் பெட்டி கட்டி ஆந்தையைக் குடிவைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். விஷத்தை அளந்து வைக்கலாம். ஆந்தை உயிருள்ளது, வந்து தங்கினால்தான் வேலை நடக்கும், தங்குமா என்பதை அதுதான் முடிவு செய்யும். பாக்டீரியா மருந்தும் அப்படித்தான். சால்மொனெல்லா கிருமியின் விஷத்தைக் குறைத்து விஎன்பி20009 என்று ஒன்றைச் செய்தார்கள். சுண்டெலிகளில் அது மற்ற உறுப்புகளைவிடக் கட்டிக்குள் ஆயிரம் மடங்கு அதிகமாகப் போய்க் குவிந்தது, எல்லோரும் குதித்தார்கள். 2002இல் வெளியான மனித ஆய்வில், பரவிப்போன தோல் புற்றுநோய்க்காரர்கள் 24 பேருக்கும் சிறுநீரகப் புற்று உள்ள ஒருவருக்கும் ரத்தத்தில் ஏற்றினார்கள். மூன்று பேரின் கட்டியில் மட்டும்தான் கிருமி போய்த் தங்கியது. ஒருவருடைய கட்டியும் சுருங்கவில்லை.

கிளாஸ்ட்ரிடியம் நோவி என்ற இன்னொன்று, ஆக்சிஜன் பட்டாலே வளராத சாதி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் அதன் முக்கிய விஷ மரபணுவை நீக்கி, வித்துகளாக நேரே கட்டிக்குள் ஊசி போட்டார்கள். 2014இல் வெளிவந்த முடிவில், தானாகவே புற்றுநோய் வந்த 16 நாய்களில் மூன்றுக்குக் கட்டி முழுக்கப் போய்விட்டது, மூன்றுக்கு ஓரளவு சுருங்கியது. நாய்க்கு வந்தது, ஆய்வுக்கூடத்து எலிக்கு வரவழைப்பது மாதிரியான நோய் இல்லை என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். பிறகு மனிதர்கள் 24 பேருக்குப் போட்டார்கள். சிலருக்கு ஊசி போட்ட கட்டி சுருங்கியது நிஜம், ஆனால் உயிருக்கே ஆபத்தான ரத்தத் தொற்றும் சதை அழுகலும் வந்த ஆட்களும் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்திலேயே இருக்கும்போது நடந்தது இது. இதே மாதிரி ஒன்றை ஷாப்லாட்டு மாடியில் இருக்கும் கிளினிக்கில் யாராவது போடுகிறேன் என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது பேச்சு அடிபடுவது ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் நிஸ்ஸல் என்ற நல்ல சாதி. முதல் உலகப் போரில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வந்தபோது வராமல் தப்பிய ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து 1917இல் ஆல்ஃபிரட் நிஸ்ஸல் என்ற ஜெர்மன் டாக்டர் எடுத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதன் மரபணுவை மாற்றி, அந்தந்த நோயாளியின் கட்டிக்கே உரிய அடையாளப் புரதங்களை அது தயாரிக்கும்படி செய்து, எதிர்ப்பு அணுக்களுக்குக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் தடுப்பூசி மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். 2024இல் வெளியான முடிவு நன்றாக இருந்தது. சுண்டெலிகளில். அந்த ஒரு சொல்லைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள்.

அதனால் இந்த இரண்டாவது வழி இன்று நம் வீட்டு முடிவுப் பட்டியலிலேயே வராது. ஒரே விதிவிலக்கு, எல்லா வைத்தியமும் தீர்ந்துபோன நிலையில் முறையான ஆய்வில் சேர இடம் கிடைப்பது. அப்படி யாராவது அழைத்தால், மலேசியாவில் சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆய்வுக்கு என்.எம்.ஆர்.ஆர். என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்கும், மருத்துவ நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஒப்புதல் தாள் இருக்கும். அந்தத் தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லுங்கள், மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள். சோதனை மருந்துக்கு விலை கேட்டால் எழுந்து வந்துவிடலாம். வெளிநாட்டில் கோலி ஊசி போடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளுக்கும் இதே பதில்தான், அதற்காகச் சேமநிதியைக் காலி பண்ணாதீர்கள்.

மூன்றாவது வழியில்தான் நம்மால் செய்ய முடிந்தது கொஞ்சம் இருக்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் மாதிரி, உடம்பின் எதிர்ப்பு அணுக்களைப் புற்றின் மேல் ஏவிவிடும் இம்யூனோதெராபி மருந்துகள் வந்தபிறகு, ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லை என்பதற்குக் காரணம் தேடியவர்கள் குடலில் போய் நின்றார்கள். 2018இல் வந்த ஆய்வுகள், மருந்து தொடங்கும் சமயத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைவதையும், மருந்து கேட்டவர்களின் குடலில் சில பாக்டீரியாக்கள் அதிகம் இருப்பதையும் காட்டின. அதிலிருந்து ஒரு படி மேலே போய், மருந்து நன்றாக வேலை செய்தவரின் மலத்தைச் சுத்தப்படுத்தி, வேலை செய்யாதவரின் குடலுக்கு மாற்றிப் பார்த்தார்கள். முகம் சுளிக்காதீர்கள், 2021இல் வந்த இரண்டு சிறிய ஆய்வுகளில், அதுவரை மருந்து கேட்காதவர்களில் 15 பேரில் ஆறு பேருக்கும் 10 பேரில் மூன்று பேருக்கும் பலன் தெரிந்தது. கடைசிக் கட்டத் தோல் புற்றுநோய்க்காரர்கள் அவர்கள். ஆனால் சோதிக்காத மலத்தில் இருந்த மருந்துக்கு அடங்காத கிருமியால் ஒருவர் இறந்துபோய் 2019இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. வீட்டில் செய்து பார்க்கும் வேலை இல்லை, யூடியூப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதே 2021இல் டெக்சஸ் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனைக் குழு வெளியிட்டது. இம்யூனோதெராபி எடுத்த தோல் புற்றுநோய்க்காரர்கள் 128 பேரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டார்கள். தினமும் 20 கிராம் அல்லது அதற்குமேல் நார்ச்சத்து சாப்பிட்டவர்கள் நோய் முற்றாமல் அதிக காலம் இருந்தார்கள். ஒவ்வொரு 5 கிராம் கூடுதலுக்கும் நோய் முற்றும் அல்லது உயிர் போகும் ஆபத்து 30 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. கடையில் வாங்கிய புரோபயாட்டிக் மாத்திரையும் சேர்த்துப் போட்டவர்கள்? அவர்களுக்குக் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை, நார்ச்சத்து சாப்பிட்டு மாத்திரை போடாதவர்கள்தான் எல்லோரையும்விட நன்றாக இருந்தார்கள். புரோபயாட்டிக் கொடுத்த சுண்டெலிகளில் இம்யூனோதெராபியின் பலன் குறைந்தே போனது. மனிதர்களிடம் நடந்தது பார்த்துக் குறித்த ஆய்வுதான், கொடுத்துச் சோதித்தது இல்லை. ஆனாலும் ஏஜெண்டின் பேச்சுக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது பாருங்கள்.

20 கிராம் என்றால் எவ்வளவு? ஒரு நடுத்தரக் கொய்யாவில் 5 கிராம் இருக்கும், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் 10 கிராமுக்குமேல், பருப்பிலும் கீரையிலும் அவரையிலும் மீதி வந்துவிடும். வெள்ளைச் சோறு 100 கிராமில் அரை கிராம்கூடத் தேறாது, நம் தட்டில் மலைபோல் இருப்பது அதுதான். பாசார் மாலாமில் கச்சாங் பூத்தே விற்பவரிடம் வேகவைத்த கடலை இரண்டு பொட்டலம் வாங்குவதும், மதியச் சோற்றைப் பாதியாக்கிக் கீரையை இரட்டிப்பாக்குவதும் பாக்கெட்டைவிட மலிவு. குடலிலேயே கட்டி இருந்து அடைப்பு ஆபத்து உள்ளவர்கள், குடல் அறுவை முடிந்து தேறிவருகிறவர்கள் மட்டும் இதைத் தானாகத் தொடங்கக்கூடாது, அவர்களுக்கு நார்ச்சத்தே எமனாகலாம், ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரிடம் கேட்டுத்தான். ஆன்டிபயாட்டிக் விஷயமும் அப்படியே. சாதாரணச் சளிக்குக் கிளினிக்கில் வற்புறுத்தி வாங்காதீர்கள், ஆனால் கீமோ நடக்கும்போது காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஏற்றினால், குடல் பாக்டீரியா கெட்டுவிடும் என்று தடுக்காதீர்கள். அந்த நேரத்தில் ஒரு இரவு தாமதமே ஆளை வாரிக்கொண்டு போய்விடும்.

மாத்திரைப் பக்கமும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சிபிஎம்588 என்ற கிளாஸ்ட்ரிடியம் பியூட்டிரிக்கம் பாக்டீரியா, ஜப்பானில் வயிற்றுக்கோளாறுக்குப் பல காலமாகக் கொடுக்கும் மருந்து. பரவிய சிறுநீரகப் புற்றில் இரண்டு இம்யூனோதெராபி மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 2022 ஆய்வில், நோய் முற்றாமல் நின்ற காலம் 12.7 மாதம், சேர்க்காதவர்களுக்கு 2.5 மாதம். கேட்க அபாரமாக இருக்கிறது, ஆனால் மொத்தமே 30 பேர் அளவிலான ஆய்வு, அதன் முதல் நோக்கமே வேறு. பெரிய ஆய்வில் இது நிலைத்தால் டாக்டரே எழுதிக்கொடுப்பார். குறிப்பிட்ட சாதி, குறிப்பிட்ட அளவு, குறிப்பிட்ட மருந்தோடு சேர்த்து, குறிப்பிட்ட நோய்க்கு. "பாக்டீரியாதானே, எல்லாம் ஒன்றுதான்" என்று யாக்கல்ட்டையோ விட்டாஜெனையோ பெட்டி பெட்டியாகக் குடிப்பது அதற்கு மாற்று இல்லை. அவற்றைப் பிடித்தால் குடிக்கலாம், சர்க்கரை நோய்க்காரர்கள் அளவு பார்த்து.

நான்காவதைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதே, அரசாங்கமே ஒத்துக்கொண்டதே என்பார்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்தைப் பாருங்கள், என் (N) என்று இருந்தால் உடல்நலத் துணைப்பொருள், டி (T) என்றால் பாரம்பரியப் பொருள். புற்றைக் குணப்படுத்தும் என்று அரசாங்கம் சொன்னதாக அர்த்தம் இல்லை. புற்றுநோய்க்கு இது மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே 1956ஆம் வருஷத்து மருந்து விளம்பரச் சட்டம் தடை செய்கிறது, அதனால்தான் அவர்கள் தாளில் எழுதாமல் வாயால் சொல்கிறார்கள். வெறும் பணநஷ்டம் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். கீமோவில் வெள்ளை அணுக்கள் விழுந்த நாட்களில் உயிருள்ள பாக்டீரியாவைக் கோடிக்கணக்கில் விழுங்கினால், அரிதாக என்றாலும், அதுவே குடலைத் தாண்டி ரத்தத்தில் ஏறிய சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

அந்தப் பாக்கெட்டுக்குப் போகும் பணத்துக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது. பாதியில் சிகிச்சையை நிறுத்தும் ஆட்களிடம் கேட்டால், மருந்துக்குப் பயந்து நிறுத்தியவர்களைவிட ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்வர வண்டியும் கூட வர ஆளும் இல்லாமல் நிறுத்தியவர்கள் அதிகம் இருப்பதாகத்தான் எனக்குத் தெரிகிறது. அரசாங்க உதவித்தொகை வாங்கும் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பெகா பி40 திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளி, போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை கிடைக்கும். ஆஸ்பத்திரியில் இருக்கும் சமூகநல அதிகாரியிடம் கேட்டால் பாரத்தை நிரப்பித் தருவார். ஊழியர் சேமநிதியிலும் புற்றுநோய்க்கு என்று பணம் எடுக்க வழி இருக்கிறது, அதை எடுப்பதானால் டாக்டர் எழுதிக்கொடுத்த சிகிச்சைக்கு எடுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிப் பாக்கெட்டை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள், சொந்தக்காரர் மனம் நோகும் என்று யோசித்துக்கொண்டிருந்தால், ஒரு வேலை செய்யலாம். கீமோ அல்லது இம்யூனோதெராபி ஓடும் நாட்களில் அதைப் பிரிக்காதீர்கள். அடுத்த தவணைக்குப் போகும்போது பையில் எடுத்துப் போய், மருந்து வாங்கும் கவுண்டரில் இருக்கும் மருந்தாளரிடம் பெட்டியோடு காட்டுங்கள், உள்ளே என்ன சாதி, எத்தனை கோடி, உங்கள் மருந்தோடு சேருமா என்று பார்த்துச் சொல்வார்கள், அதற்குத் தனியாகக் காசு இல்லை. வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாரு" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம்.